வைரஸுக்கு வந்த தாய்மாமன் சீர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் பெயரை இன்னொருவருக்கு வைப்பது சும்மா நடக்கிற காரியம் இல்லை. யார் பெயரை வைக்கிறோமோ அவர் சீர் செய்ய வேண்டும். யார் பெயரை வைக்காமல் விட்டோமோ அவரை நாம் போய்ச் சமாதானம் செய்ய வேண்டும். இந்த விதி மனிதக் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். நுண்ணுயிரியல் படித்தவளுக்கு அவ்வளவுதான் உலக அறிவு.

காரைக்குடியில் நான் படித்த காலத்தில் மீனாட்சி மேடம் எங்களுக்கு ஒரு செய்முறைப் பாடம் எடுத்தார். மண்ணில் பாக்டீரியா இருக்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே குட்டிகளைப் போட்டு, கடைசியில் அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வருகிற வைரஸும் அதே மண்ணில் இருக்கிறது. அதற்குப் பேஜ் என்று பெயர். மனிதர்களை அது சீண்டுவதே இல்லை (மனிதர்களுக்குச் சொந்தக்காரர்கள் போதும் என்று விட்டுவிட்டதோ என்னவோ). ஆளுக்கொரு இடத்திலிருந்து மண் கொண்டுவந்து ஆளுக்கொரு பேஜைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைக்கலாம். பல நாட்டு மாணவர்கள் கண்டுபிடித்த பேஜ்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் உண்டு, அதில் அந்தப் பெயர் ஏறும். ஒரே ஒரு நிபந்தனை: உயிருள்ள மாதிரி ஒன்றைச் சேமிப்புக் கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

முறை எளிமையானதுதான். மூடி போட்ட கண்ணாடித் தட்டில் ஜெல்லியை ஊற்றி, அதன்மேல் பாக்டீரியாவைப் பாலாடை மாதிரி படர விட்டு, மண்ணைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரைக் கலந்து வைப்போம். மறுநாள் ஆப்பத்தில் இருப்பது போல ஆடையில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் உள்ளே பேஜ் இருக்கிறது என்று அர்த்தம்.

கண்டனூரிலிருந்து வந்த ஒருவன், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் எலுமிச்சை மரத்தடி மண்ணிலிருந்து ஒரு பேஜ் எடுத்து அதற்கு 'பரோட்டா' என்று பெயர் வைத்தான். பள்ளத்தூர்க்காரி ஒருத்தி தன் பூனையின் பெயரை வைத்தாள். நானும் பஸ் ஸ்டாண்டு மரத்தடி, கோயில் குளத்தங்கரை, ஹாஸ்டல் பப்பாளி மரத்தடி என்று ஊரையே சுரண்டிப் பார்த்தேன். என் தட்டுகளில் ஒரு பொத்தல்கூட விழவில்லை. பாக்டீரியா என் கையில் அவ்வளவு ஆரோக்கியமாக வளர்ந்தது.

"குப்பை, சாணி, ஈரம் மூணும் இருக்கற எடத்துல எடும்மா. சொந்தத்துல யாருகிட்டயும் மாடு இல்லையா?" என்று கேட்டார் மேடம்.

இருந்தது. கல்லலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மாவின் அண்ணன் சேதுராசு மாமாவிடம் மாடும் இருந்தது, சாணியும் இருந்தது, தொழுவத்தை ஒட்டி அருமையான குப்பைக்குழியும் இருந்தது. எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை மட்டும்தான் இல்லை.

காரணம் என் அக்காவின் கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் பெயர் மேலே தனி வரியில், கொட்டை எழுத்தில் வர வேண்டும். அச்சகத்தில் அந்த வரி இடம் மாறி, பத்திரிகையின் அடியில் 'சுட்டிகளின் செல்ல அழைப்பு' என்ற தலைப்புக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. 'தர்ஷன், மித்ரா, சேதுராசு, குட்டிப் பாப்பா' என்று அச்சாகி, ஊர் முழுக்கக் கொடுத்தும் முடித்த பிறகுதான் பார்த்தோம். (புரூஃப் பார்த்தது நான். வீட்டில் படித்த பிள்ளை என்று என்னிடம்தான் கொடுத்தார்கள்.) மாமா கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் முறை எல்லாவற்றையும் குறை வைக்காமல் செய்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவே இல்லை. நல்ல நாள் வந்தால் அம்மா அடுப்படியில் நின்று யாருக்கும் தெரியாமல் அழுவாள். யாருக்கும் தெரியாமல் அழுகிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பையும் ஸ்பூனும் எடுத்துக்கொண்டு கல்லல் பஸ் ஏறினேன்.

மாமா தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ வள்ளி! பெரிய எடத்துப் புள்ளைக வந்திருக்காக. என்ன வேணுமாம், கேளு."

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சின்னப் பிள்ளையை மரியாதை போட்டுப் பேசினால், கோபம் இன்னும் ஆறவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். வள்ளி அத்தை காபியோடு வந்து, பக்கத்திலேயே நிற்கிற என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"கொஞ்சம் மண்ணு வேணும் அயித்தை. காலேஜுக்கு."

"மண்ணு வேணுமாம்" என்று அத்தை அஞ்சல் செய்தார்.

"எதுக்காம்? செய்வினை கிய்வினை வைக்கவா?" என்று மாமா மாட்டிடம் கேட்டார்.

"பாடத்துக்கு மாமா. குப்பைக்குழியில எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கிறச் சொல்லு. என்னையக் கொண்டுபோய் எங்க வச்சாகளோ, அதுக்கு இந்தக் குழி எவ்வளவோ மேலு."

ஒரு ஸ்பூன் எடுத்துப் பையில் போட்டு, மறந்துவிடாமலிருக்க அங்கேயே 'சேதுராசு மாமா குப்பை' என்று எழுதி ஒட்டினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொல்லாமல் விட்டது என் பாக்கியம்.

அந்தக் குப்பையில் இருந்தது சாதாரணப் பேஜ் இல்லை. மறுநாள் தட்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டைகள். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் மேடம் கேட்டு வாங்கிய மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் பெரிய தலையும் நீளமான வாலுமாக அது கம்பீரமாக இருந்தது. பெயர் வைக்க உட்கார்ந்தேன். என் பெயரான செல்வியைப் போட்டேன். உலகத்தில் வேறொரு செல்வி முந்திக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெயரும் போயிருந்தது. எனக்குப் பிடித்த பலகாரங்கள் எல்லாம் வரிசையாகப் போயிருந்தன. மேடம் என் பையை எடுத்துப் பார்த்தார்.

"இதுல மொத வார்த்தை நல்லாத்தானே இருக்கு?"

"அது எங்க மாமா பேரு மேடம். எங்க மேல கோவமா இருக்காங்க."

"அப்ப இன்னும் நல்லது. மனசு எளகிருவாரு."

இப்படித்தான் சேதுராசு, ஆங்கில எழுத்தில், ஒரே வார்த்தையாகப் பட்டியலில் ஏறினார்.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா அக்காவிடம் சொன்னாள், அக்கா பெரியம்மாவிடம், பெரியம்மா வள்ளி அத்தையிடம். இந்தப் பயணத்தில் 'பாக்டீரியா' கொட்டிவிட்டது, 'வைரஸ்' கொட்டிவிட்டது. கல்லலுக்குப் போய்ச் சேரும்போது, 'காலேஜ்ல செல்வி ஒண்ணுக்கு அண்ணன் பேரை வச்சிருக்கா, உலகம் பூரா தெரியுமாம்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. மறுநாள் மாமாவே அம்மாவுக்குப் போன் செய்தார். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"என்னைக்குப் பேர் வைக்கிறாக?" என்று கேட்டாராம்.

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததில், என்னுடைய செய்முறைத் தேர்வுத் தேதியைச் சொல்லிவிட்டாள். 'மாமா வர்றாகடி' என்று மட்டும் எனக்குத் தகவல் வந்தது. லேபில் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்தேன்.

தேர்வன்று காலை கல்லூரி வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது (யானை இல்லை, அந்தப் பெயரில் ஓடுகிற சின்ன லாரி). அதிலிருந்து மேளக்காரர்கள் இறங்கினார்கள். தட்டுத் தட்டாக வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, ஒரு பட்டுப் புடவை, வெள்ளி அரைஞாண், வசம்பு வளையல், கிலுகிலுப்பை எல்லாம் இறங்கின. கடைசியாக மாமா, கரை வேட்டியும் தோளில் துண்டுமாக இறங்கினார். அத்தையும் என் அம்மாவும் பின்னால். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"என்னய்யா விசேஷம்?"

"பேர் வைக்கிற விசேஷம்."

"என்ன பேரு?"

"எம் பேருதேன்."

வாட்ச்மேன் கிலுகிலுப்பையைப் பார்த்தார், யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். எம்.எஸ்சி. செல்வி என்று மாமா மேளத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னார். நான் கல்யாணம் ஆகாதவள், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். ஊர்வலம் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் கணிதத் துறை, வணிகவியல் துறை, கேன்டீன் மூன்றுக்கும் செய்தி போய்விட்டது. விடுதிக் காப்பாளர் என் வருகைப் பதிவைத் திறந்து பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மேலே லேபில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். மேஜையில் ஒரே ஒரு தட்டு. சேமித்து வைத்திருந்த குழாயை முந்தின நாள் நான் கை தவறிக் கீழே போட்டு உடைத்திருந்தேன். வேறு மாதிரி கிடையாது. தேர்வு முடிந்ததும் அந்தத் தட்டிலிருந்து எடுத்துத்தான் கூரியரில் அனுப்புவதாக இருந்தது. அதாவது, உலகத்தில் சேதுராசு என்ற பெயருக்கு அப்போது இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தட்டு.

தேர்வாளர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கெட்டிமேளம் உள்ளே வந்தது.

"புள்ளை எங்கத்தா?" என்றார் மாமா. என்னை 'ஆத்தா' என்று கூப்பிட்டார். மரியாதை போய்விட்டது. கோபமும் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது, கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டாள்.

நான் தட்டைக் காட்டினேன். மாமா குனிந்து பார்த்தார்.

"எங்குட்டு?"

"இந்த ஓட்டைதான் மாமா."

"ஓட்டையா?"

"ஓட்டைக்குள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

மாமா தேர்வாளர் பக்கம் திரும்பி, "இது என்னங்க செய்யும்?" என்று கேட்டார். அவர் நேர்மையான மனிதர். "இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போகும். அங்க இருக்கறதை எல்லாம் தின்னு பெருகும். கடைசியில வீட்டையே ஒடச்சிட்டு வெளிய வரும்" என்றார்.

"அப்பச் சரியாத்தேன் பேர் வச்சிருக்கா" என்றார் வள்ளி அத்தை.

மாமாவின் முகம் பத்திரிகையைப் பார்த்த அன்று போனது போலப் போக ஆரம்பித்தது. நான் குறுக்கே விழுந்தேன். "கெட்ட கிருமியைத்தான் மாமா திங்கும். மனுசங்களை ஒண்ணும் பண்ணாது. காவல் மாதிரி."

"காவலா?" மாமா நிமிர்ந்தார். "எல்லைக் காவலு. சரி. நல்ல பேருதேன் வச்சிருக்க. சேனை வைக்கணும்ல?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் சேனை என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அத்தை ஒரு வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார். நான் 'மாமா' என்று சொல்லி முடிப்பதற்குள் மாமா தட்டின் மூடியைத் திறந்து, மோதிரத்தைக் கழற்றிச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, பெரிய ஓட்டையாகப் பார்த்துத் தொட்டு வைத்தார். மறுபடி கிண்ணத்தில் நனைத்தார், மறுபடி தொட்டார். எந்த ஓட்டைக்கும் மனக்குறை வரக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் வைத்தார்.

"காது எங்குட்டு இருக்கு?"

"காது இல்ல மாமா."

"இல்லாட்டி பேரு எப்படிக் கேக்கும்?"

மாமா வெற்றிலை போட்ட வாயைத் திறந்த தட்டின் மேல் வைத்து, "சேதுராசு, சேதுராசு, சேதுராசு" என்று கூப்பிட்டார். மூச்சுக்கூடப் படக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அத்தை குலவை போட்டார்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "தட்டு கெட்டுப்போச்சு. விதிப்படி உடனே அவிச்சிருங்க" என்றார். எங்கள் லேப் உதவியாளர் ஒரு குழாய் கழுவச் சொன்னால் மூன்று தடவை நினைவுபடுத்த வேண்டியவர். அன்று மட்டும் நான் திரும்புவதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஆட்டோகிளேவில் போட்டு மூடிவிட்டார். ஆட்டோகிளேவ் என்பது ஆளுயரக் குக்கர். வேண்டாத கிருமிகளை அதில்தான் வேக வைப்போம்.

அதன் பக்கத்தில்தான் நான் மாமாவுக்கு நாற்காலி போட்டிருந்தேன். உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்தா வேகுது? பலகாரமா?"

"இல்ல மாமா. பழைய தட்டு."

வெந்துகொண்டிருந்தது அவர்தான். எதிரே அம்மா பட்டுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ஒன் வீட்டுலதேன் சாப்பாடு" என்றார் மாமா அவளிடம். "ஏதோ ஒரு எடத்துலயாச்சும் எம் பேரைத் தனியாப் போட்டாகளே." அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள், இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிய. அவர் பெயரை ஒரு தடவை குட்டிப் பாப்பாவுக்குப் பக்கத்தில் போட்டது நான். இரண்டாவது தடவை பட்டியலிலிருந்தே அடிக்க விட்டால், எங்கள் வீட்டு வாசற்படியை அவர் ஜென்மத்துக்கும் மிதிக்க மாட்டார்.

சுத்தமாக வேலை செய்யும் திறனுக்குத் தேர்வாளர் எனக்குப் போட்ட மதிப்பெண்ணை இங்கே எழுத விரும்பவில்லை. மேடம்தான் தேற்றினார். "எடுத்த எடத்துல இன்னும் இருக்கும். போய் மறுபடி மண்ணு எடுத்துட்டு வா."

அடுத்த ஞாயிறு போனேன். தொழுவத்தை ஒட்டிக் குப்பைக்குழி இல்லை. குழியை அள்ளி, குப்பையை ஊர் வயலுக்கெல்லாம் ஏற்றி அனுப்பி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சுற்றிலும் செங்கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நடுவில் ஒரு பிளெக்ஸ். ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமா. மறுபக்கம் வட்டத்துக்குள், பெரிய தலையும் நீளமான வாலுமாக இன்னொரு சேதுராசு. 'உலகப் பட்டியலில் இடம்பெற்ற சேதுராசு அவதரித்த இடம்' என்று கீழே எழுதியிருந்தது.

"நாளைக்கு நாலு பேரு பாக்க வருவாக. குப்பையா கெடந்தா ஒனக்குத்தான அசிங்கம்?" என்றார் மாமா.

சுரண்டுவதற்கு ஒரு சிட்டிகை மண் இல்லை. கையில் ஸ்பூனோடு நடுவீட்டில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பிறந்த மண் போன துக்கம் என்று நினைத்து அத்தை எனக்குத் தண்ணீர் கொடுத்தார். செம்பை வாங்கும்போதுதான் சாமி மாடத்தைப் பார்த்தேன். விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளிக் கிண்ணம். விளிம்பில் எறும்பு.

"அயித்தை, அதுல என்ன?"

"சேனைத் தண்ணி. மிச்சத்தக் கீழ கொட்டக்கூடாதுல்ல, அப்படியே மூடி எடுத்தாந்து வச்சிட்டேன்."

மாமா ஓட்டையைத் தொட்ட மோதிரத்தை அந்தக் கிண்ணத்தில்தானே திரும்பத் திரும்ப நனைத்தார்! தட்டிலிருந்து கிண்ணத்துக்கு ஒரு பேஜ் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் போதும். எறும்பையும் கிருமியையும் வடிகட்டிவிடலாம், பேஜ் மட்டும் வடிகட்டிக்குள் புகுந்து வெளியே வந்துவிடும். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, இன்னும் கேட்கிறது என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் பாயசமா என்று கேட்டாள்.

மறுநாள் தட்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டைகள். மறுபடி படம் எடுத்துப் பார்த்தோம். அதே தலை, அதே வால். மேடம் என்னைத் தொட விடாமல் தானே குழாயில் எடுத்துத் தானே கூரியரில் அனுப்பினார். சேதுராசு இன்றைக்கும் தூர தேசத்து ஃப்ரீசர் ஒன்றில் சௌக்கியமாக இருக்கிறார். குக்கரில் வெந்த கதை மாமாவுக்கு மட்டும் தெரியாது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும், அவர் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள்.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை புரூஃபை அப்பா என்னிடம் காட்டவே இல்லை, நேரே கல்லலுக்கு எடுத்துக்கொண்டு போனார். தாய்மாமன் பெயர் மேலே தனி வரியில், கொட்டை எழுத்தில் இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அடியில் சுட்டிகள் பட்டியலுக்கு வந்ததும் நிறுத்தினார். அப்பாவுக்கு உயிரே போய்விட்டதாம்.

"இதுல ஒரு பேரு விட்டுப்போச்சே மாப்புள்ளை" என்று சொல்லி, பேனாவை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: 'தர்ஷன், மித்ரா, சேதுராசு, குட்டிப் பாப்பா.'

அதிலிருந்து எங்கள் வீட்டில் காதுகுத்தோ, புதுமனை புகுவிழாவோ, எந்தப் பத்திரிகை அடித்தாலும் சுட்டிகளில் ஒரு சேதுராசு வந்துவிடுகிறான். மற்றதுகள் எல்லாம் வளர்ந்து பட்டியலிலிருந்து இறங்கிவிட்டன, அவன் மட்டும் இறங்குவதில்லை. போன மாதம் என் மகளின் காதுகுத்தில் என் மாமியாரின் தங்கை பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "யாரு இந்தச் சேதுராசு? ஒரு விசேஷத்துலயும் கண்ணுல படலையே?"

வள்ளி அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "செல்வியோட மூத்த புள்ளை. குளிர் நாட்டுல இருக்கான். அவ மாமா மாதிரியே, தனியாப் பத்திரிகை வச்சாத்தேன் வருவான்."